ஒரே நிறத்தில் இரண்டு டப்பா

லாரி துண்டு துண்டாகத்தான் வந்தது. நம் வயதுக்காரர்கள் பெரும்பாலோருக்குப் பொம்மை என்பது திருவிழாக் கடையில் முழுதாக வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் துண்டு துண்டாக ஆக்கிவிடுகிற சாமான். எனக்கு மட்டும் ஒரு வருசம் அது தலைகீழாக நடந்தது. அந்த வருசத்தை எழுதிவைக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. ஏன் இப்போது என்பது கடைசியில் வரும்.

சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர். எங்கள் குடும்பத்தில் மதுரையைத் தாண்டி ரயிலில் போன ஒரே ஆள். சித்திரை மாதம் லீவில் வந்தபோது வடக்கே ஏதோ ஒரு பஜாரில் வாங்கியதாகச் சொல்லி ஒரு அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்தார். மூடியில் மலைச் சரிவில் ஏறுகிற மிலிட்டரி லாரியின் படம். பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக அடித்திருந்தது. குலுக்கினால் சோழி குலுங்குவது போலச் சத்தம் வந்தது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள்; ஒவ்வொரு சட்டத்திலும் காம்பில் காய் தொங்குவது போல லாரியின் உறுப்புகள். ரப்பர் டயர்கள் தனியாக ஒரு பையில். ஒரு பசை ட்யூப். கட்டைவிரல் உயரத்தில் மூடி திருகிய இரண்டு பெயிண்ட் டப்பாக்கள்.

"நான் ஓட்டுறது இந்த வண்டிதேன்டா அப்பு. தீவாளிக்கு வருவேன். அதுக்குள்ள ஒட்டி, பெயிண்டு அடிச்சு நிப்பாட்டி வைக்கணும். வந்து இன்ஸ்பெக்சன் பண்ணுவேன்" என்றார் சித்தப்பா.

அவர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனதும் அம்மா பெட்டியை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். விலை கூடின சாமான், பிரித்தால் தொலைத்துவிடுவேன் என்பது அவள் கணக்கு. பள்ளிக்கூடத்தில் நான் பெட்டியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு திரிந்தேன். செய்து முடித்ததும் கொண்டுவந்து காட்டுவதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். நம்பினவன் ஒருவனும் இல்லை.

அப்பா அப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் இருந்தார். மூட்டை இறக்குவார், சல்லடை போட்டு அளவு பிரிப்பார், சாக்கைக் கட்டித் தைப்பார். அளவு பிரித்த காயைப் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து நிறம் பார்த்துப் பொறுக்குவார்கள். பச்சை மாறாத காய் ஒரு குவியல், பழுப்பேறியது இன்னொரு குவியல். பச்சைக்குத்தான் விலை. அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடே ஏலக்காயாக மணக்கும் என்று விருந்தாளிகள் சொல்வார்கள். எங்களுக்கு அது வாசனையாகத் தெரிந்ததே இல்லை.

புதுக்காய் இறங்கத் தொடங்கிய சமயம், அப்பா ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் சட்டையைக் கழற்றவில்லை. நடந்ததைப் பக்கத்து வீடுகள் பேசித்தான் நான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தின நாள் முதலாளி ஏலத்துக்குப் போயிருந்தார். அப்பாதான் மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார். முதல் தரம் என்று போன மூட்டை திரும்பி வந்துவிட்டது. உள்ளே முழுக்கப் பழுப்பேறிய காய். நல்ல காய் எங்கே போனது என்று முதலாளி கேட்டார். நான் எடுக்கவில்லை என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. முதலாளி சத்தம்கூடப் போடவில்லையாம். இனிமேல் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி, கல்லாவிலிருந்து கூலியை எண்ணி வைத்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். அமைதியாகச் சொன்னதால் ஊர் நம்பிவிட்டது.

அதன் பிறகு எந்தக் கடையிலும் அப்பாவுக்கு வேலை இல்லை. 'காய் கலந்தவன்' என்று ஒரு பெயர் விழுந்தது. அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் எஸ்டேட் ஜீப்பில் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போக ஆரம்பித்தாள். தங்கச்சி அப்போது பாலர் வகுப்புக்குக்கூடப் போகாத சின்னப் பிள்ளை. அவளைப் பார்த்துக்கொண்டு அப்பா வீட்டில் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை, வெளியே சாரல் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தபோது, அவரே பெட்டியைக் கீழே இறக்கினார். "வாடா, இந்த வண்டிய எறக்குவோம்" என்றார்.

அரிசி புடைக்கிற சொளகில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் உறுப்புகளைப் பரப்பினோம். உருண்டு ஓடினாலும் சொளகு தாண்டாது. சட்டத்திலிருந்து வெட்ட நகவெட்டி. பிசிறு தேய்க்கத் தீப்பெட்டியின் உரசும் பக்கம். பெட்டியில் இருந்த படத்தாளில் எண் போட்டு வரிசை காட்டியிருந்தது. எண்ணை நான் படித்துச் சொல்வேன், அப்பா காயைத் தேடுவது போல விரலால் துழாவி எடுப்பார். கொஞ்ச நேரத்தில் என் எண்ணுக்காக அவர் காத்திருக்கவில்லை. எப்போதோ டிரைவர் லைசென்ஸ் எடுத்து, வண்டி கிடைக்காமல் கிடந்தவர் அவர். இது ஸ்பிரிங் பட்டை, இது ஆக்சில், இது சைலன்சர், இதை அந்தப் பக்கம் மாட்டினால் வண்டி புகையை டிரைவர் மூக்கிலேயே விடும் என்று சொல்லிக்கொண்டே அடுக்கினார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பசை ட்யூப் பாதியிலேயே இறுகிவிட்டது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூசன் கொஞ்சம் வாங்கிவந்து மிச்சத்தை ஒட்டினோம். அதனால்தான் ஸ்டெப்னியும் பின்படியும் பின்னால் விழுந்துபோயின. நம்பரும் நட்சத்திரமும் அச்சடித்த தாளைத் தண்ணீரில் போட்டால், நட்சத்திரம் மட்டும் தாளைவிட்டு நழுவி மிதந்து வந்தது. தங்கச்சி அதை மீன்குஞ்சு என்று சொல்லிப் பிடிக்கப் பார்த்தாள். ஒரு நட்சத்திரம் அவள் கையில் ஒட்டிக்கொண்டு நாலு நாள் குளித்தும் போகவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி, மழைக்குத் தலையோடு போர்த்திய கொங்காணியை உதறிக்கொண்டே உள்ளே வருவாள். சொளகைப் பார்ப்பாள். ஒரு நாள், "நல்ல சோலிதேன். நான் மலையில அட்டைக்கு ரத்தம் குடுக்குறேன். வீட்டு ஆம்பள லாரி செஞ்சுக்கிட்டு இருக்காரு. செஞ்சதும் சொல்லுங்க, நாளைக்கு அதுலயே போறேன்" என்றாள். அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புரட்டாசியில் அம்மா போகிற ஜீப்பின் டிரைவர் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். ஜீப்பில் போகிற பெண்கள் சேர்ந்து அப்பாவின் பெயரைச் சொன்னார்கள். ஜீப்பு ஓனர் தலையைச் சொறிந்தாராம். காய் கலந்தவன் என்று பேச்சு இருக்கிறதே என்று கேட்டுவிட்டு, பிறகு அவரே, "ஜீப்புல கலக்குறதுக்கு என்ன இருக்கு? பொம்பளையாளுகதேன். அவுகளே ஒண்ணுக்கொண்ணு கலந்துக்க மாட்டாக" என்றாராம். அம்மா இதை வீட்டில் சொல்லிக் காட்டியபோது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

அப்பா நன்றாக ஓட்டினார். மலைமேல் இருக்கிற மெட்டுக்கு ஏறும்போது எந்த வளைவில் ஹாரன் அடிப்பார், எங்கே கியர் மாற்றுவார் என்று பெண்கள் மனப்பாடமாகச் சொல்கிற அளவுக்கு ஒரே சீராக ஓட்டினார்.

மலையில் மண் சரிந்து பாதை அடைத்த ஒரு நாள், ஜீப் போகவில்லை. அன்றைக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவாயிற்று. மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, லாரி முழுக்கப் பென்சிலால் திட்டுகளை வரைந்துவைத்திருந்தேன். எது பச்சை, எது பழுப்பு என்று தெரிய எனக்குப் படத்தைப் பார்த்தால் போதும். தூரிகை பிடித்தால் என் கை நடுங்கியது. அதனால் உடம்பை அப்பா அடிப்பது, சின்னச் சாமான்களை நான் அடிப்பது.

அப்பா இரண்டு டப்பாக்களின் மூடியையும் திறந்து ஈர்க்குச்சியால் கலக்கினார். கலக்கிவிட்டு இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா, ரெண்டும் ஒண்ணுதான? எதுக்கு ரெண்டு டப்பா குடுத்திருக்கான்?"

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இது பச்சை, அது பழுப்பு என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் விளையாடுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேரும் மற்றவர் கேலி செய்வதாக எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டோம். எந்த டப்பா எங்கே என்று நான் விரலைக் காட்டினேன், அவர் அடித்தார். வலது பக்கம் அப்படி முடிந்தது. படத்தில் இருந்தது போலவே வந்தது.

நடுவில் தூரிகை கழுவ மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. நான் சாரலில் ஓடிப்போய், இரண்டு தெரு தள்ளி இருந்த அத்தை வீட்டில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது அப்பா இடது பக்கத்தை முடித்துவிட்டு, தலையைச் சாய்த்துத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. பழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. ஒரே திட்டில் பாதி இது, பாதி அது. ஆனால் பென்சில் கோட்டை எங்கேயும் ஒரு மயிரிழைகூடத் தாண்டவில்லை. அவ்வளவு சுத்தமாகத் தப்பாக அடித்த ஒரு சாமானை நான் அதன் பிறகும் பார்த்ததில்லை.

நான் கத்தினேன். அழுதேன் என்றும் அம்மா சொல்வாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, பகலிலேயே குடித்திருக்கிறாரா என்று கேட்டாள். அப்பா குடிக்கிறவர் இல்லை. அவர் லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தேன இருக்கு" என்றார். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. டப்பாக்களில் பெயிண்ட் தீர்ந்துவிட்டதால் லாரி அப்படியே நின்றது.

தீபாவளிக்கு முந்தின நாள் சித்தப்பா வந்தார். சூட்கேசை இறக்கிவைத்ததும் இன்ஸ்பெக்சன் என்றார். நான் லாரியை வலது பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தேன். அவர் அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். இடது பக்கம் வந்ததும் சிரித்தார். பிறகு குனிந்து கிட்டத்தில் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யாரு அடிச்சது?"

அப்பாதான் என்றேன். ரெண்டு டப்பாவும் ஒன்றுதானே என்று அவர் கேட்டதையும் சொன்னேன். கோள் சொல்வது போலத்தான் சொன்னேன்.

சித்தப்பா அப்பாவைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே அம்மா வைத்த மிளகாய்ச் செடி ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவைத்து, "அண்ணே, அதுல எத்தன பழுத்துக் கெடக்கு?" என்று கேட்டார். அங்கிருந்து பார்த்தாலே இலைக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகத் தொங்குவது எனக்குத் தெரிந்தது. தங்கச்சிகூட விரலை நீட்டினாள்.

"இரு, கிட்டப் போயித் தொட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றார் அப்பா.

அம்மா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை அவர் சந்தையிலிருந்து காய்த் தக்காளியாகப் பொறுக்கி வந்ததற்கு அவள் திட்டியிருக்கிறாள். பச்சைச் சேலை கேட்டால் காவி நிறத்தில் வாங்கி வந்ததற்குப் பேசாமல் இருந்திருக்கிறாள். அதெல்லாம் அந்த நிமிசத்தில் அவளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருக்க வேண்டும். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா விவரம் சொன்னார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டுவார்களாம். பக்கம் முழுக்கக் கலர்ப் புள்ளி, நடுவில் ஒரு எண் ஒளிந்திருக்கும். ராசிங்காபுரத்துப் பையன் ஒருவன், இவரோடு வரிசையில் நின்றவன், ஓட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்தவன், அந்த எண் தெரியாமல் திரும்பிப் போனானாம். நோய் இல்லை, குருடும் இல்லை. சிவப்பும் பச்சையும் பழுப்பும் சில பேர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி.

"எனக்கு எப்பவும் இப்பிடித்தேன் தெரியும். எல்லாருக்கும் இப்பிடித்தேன்னுல்ல நெனச்சேன்" என்றார் அப்பா.

பிறகு, யாரும் கேட்காமலே கடையில் நடந்ததைச் சொன்னார். பொறுக்குகிற பெண்கள் வலது கைப்பக்கம் பச்சையைக் குவிப்பார்கள், இடது கைப்பக்கம் பழுப்பேறியதை. யாரும் போட்ட சட்டம் இல்லை, கைவாக்கு. அப்பா இத்தனை வருசமும் அந்தக் கைவாக்கை வைத்துத்தான் மூட்டை கட்டியிருக்கிறார். நிறத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வழக்கமான பெண் கோயில் கும்பிடுக்குப் போய்விட, அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்தப் பிள்ளை இடது கைக்காரி. சோறு திங்கும்போதுதேன் பாத்தேன். அப்பக்கூட எனக்கு ஒறைக்கல."

ஆக, அவள் குவியல்கள் பக்கம் மாறி, பழுப்பேறிய காய் முதல் தரமாகப் போயிருக்கிறது. பச்சைக் காய் இரண்டாம் தரமாகப் போயிருக்கிறது. இரண்டாம் தர விலைக்கு நல்ல காய் கிடைத்தவர் வாயைத் திறக்கவில்லை. திருட்டு என்று எதுவும் நடக்கவே இல்லை.

அம்மா எழுந்து சேலையைச் செருகினாள். லாரியை எடுத்து ஒயர் கூடைக்குள் வைத்தாள். இப்போதே கடைக்குப் போய் முதலாளி மேசையில் இதை வைத்து, எம் புருசன் கை சுத்தம், கண்ணுதான் கோளாறு என்று நாலு பேர் முன்னால் சொல்லப்போவதாகச் சொன்னாள். சித்தப்பாவும் சட்டையைப் போட்டுக்கொண்டார். நானும் செருப்பை மாட்டினேன். வாசல்வரை போய்விட்டோம்.

அப்பா கூடையின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"கள்ளன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கள்ளன் ஓட்டுற ஜீப்புல ஏறுவாக. கண்ணு தெரியாதவன் ஓட்டுறான்னா ஒருத்தி ஏறுவாளா?"

அம்மா கூடையை விடவில்லை, அப்பாவும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாதான் விட்டாள்.

சித்தப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வண்டி ஓட்டுகிறவர் அவர். பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற விசயம். தீபாவளி கழிந்து ஜீப் கிளம்பிய முதல் நாள், சும்மா எஸ்டேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் காலையும் கையையுமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட்டது. அப்பா அதற்கு வெகு தூரத்திலேயே நிறுத்தியிருந்தார். எப்படித் தெரிந்தது என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். பின்னால் வெளிச்சம் கூடியது, நின்றுவிட்டேன் என்றார் அப்பா. கலரை வைத்து அவர் எதையும் பார்க்கவில்லை. வெளிச்சம், இடம், ஆட்டம் இவற்றை வைத்தே பார்த்தார்.

மெட்டில் டீ குடிக்கும்போது சித்தப்பா இரண்டு நிபந்தனை போட்டார். மஞ்சு இறங்கிப் பாதையை மூடினால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். சிக்னல் லைட் இருக்கிற ஊருக்கு வண்டி எடுக்கவே கூடாது. அப்பா டீ கிளாசைப் பிடித்தபடி தலையாட்டினார். கடைசிவரை அதைக் காப்பாற்றினார். மதுரைக்கு லோடு என்று ஓனர் சொன்னால் அவருக்கு வயிறு வலிக்கும். பயந்தாங்கொள்ளி என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது.

லாரியை அம்மா செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டாள். ஜீப்பு ஓனர் வீட்டுப் பக்கம் வந்துபோகிறவர், பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. லாரி உடைந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னேன். எல்லோரும் முன்பே தெரியும் என்பது போலச் சிரித்தார்கள். இது எனக்கு அப்போது பெரிய நட்டமாக இருந்தது. அப்பாவுக்கு என்ன நட்டம் என்று கணக்குப் போடுகிற வயதில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, விடுமுறைக்கு அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் அப்பாவின் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். நடு வளைவில் ஒரு கார் நின்றிருந்தது. பழைய கடை முதலாளி. கார் நகரவில்லை. வேறு வண்டியும் இல்லை. அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். விலை, மழை, மகள் கல்யாணம் என்று பேசிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர்தான். ஊர் வந்து இறங்கும்போது அப்பாவின் தோளில் தட்டினார்.

"பழச மனசுல வச்சுக்கிடாதப்பா. நான் அன்னைக்கே ஒன்னய மன்னிச்சிட்டேன்."

"சரிங்க முதலாளி" என்றார் அப்பா. கியர் விழுந்தது.

பின்னால் இருந்த அம்மா கொங்காணி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் குழம்பில் உப்பே இல்லை. அப்பா ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு முடித்தார்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ உயிரியல் வகுப்பில், நிறம் பிரித்துத் தெரியாத குறை தகப்பனிடமிருந்து மகனுக்கு வராது, மகள் வழியாகப் பேரனுக்கு வரலாம் என்று வாத்தியார் கட்டம் போட்டுக் காட்டினார். என் வழியாக என் பிள்ளைகளுக்கு வராது என்ற நிம்மதியைவிட, வீட்டில் இருந்த தங்கச்சியின் நினைப்புத்தான் முதலில் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அதையெல்லாம் இப்போது எதற்கு, கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை என்று வாயை அடைத்துவிட்டாள். தங்கச்சிக்கு அந்தத் தீபாவளிச் சமயத்தில் நடந்ததும் நினைவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

இப்போது அப்பா ஜீப் ஓட்டுவதில்லை. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நான் தேனியில் வேலை பார்க்கிறேன், வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது தங்கச்சி மகனோடு வந்திருந்தாள். பையன் ஒன்றாம் வகுப்பு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். வகுப்பில் மரத்துக்குப் பச்சை அடிக்கச் சொன்னால் இலை முழுக்கப் பழுப்பு அடித்திருக்கிறான். மாற்றி அடித்தும் அதேதான். ஏன் என்று கேட்டால் பச்சைதான் அடித்தேன் என்கிறானாம். வேண்டுமென்றே செய்கிறான், பொய்யும் சொல்கிறான் என்று டீச்சர் நிற்க வைத்துவிட்டார். தன் பங்குக்குத் தங்கச்சியும் ஒரு அடி வைத்திருந்தாள்.

நான் நாற்காலியைப் போட்டுப் பரணில் ஏறினேன். செய்தித்தாள் தொட்டதும் உதிர்ந்தது. ஸ்டெப்னி இல்லை, ஒரு பக்கக் கண்ணாடி இல்லை, சொல்யூசன் வைத்த இடங்களில் மஞ்சள் கறை. மற்றபடி அப்படியே இருந்தது. பையனிடம் கொடுத்து, இதில் எத்தனை கலர் இருக்கிறது என்று கேட்டேன்.

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணு மாமா" என்றான்.

தங்கச்சி அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சொளகு நின்றது. நாற்காலியில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார்.

"அவன விடு ஆத்தா. டேய் அப்பு, அத இங்க கொண்டா."

பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்பா லாரியை மடியில் வைத்துக்கொண்டு, அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஒனக்கும் ஒண்ணுதானா?"

"ஆமா. தாத்தாவுக்கு?"

"எனக்கும் ஒண்ணுதேன்."

தனக்கு அப்படித்தான் தெரியும் என்று அப்பா எங்கள் முன்னால் சொன்னது இது இரண்டாம் தடவை. பையன் முகம் தெளிந்துவிட்டது. தங்கச்சி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அம்மாதான் அவளிடம் முழுக் கதையையும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துக்கு நான் போகிறேன் என்றேன், படித்தவன் போனால் நன்றாக இருக்கும் என்று. அவர் கேட்கவில்லை. அம்மா லாரியை ஒயர் கூடையில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். பழைய கூடை இல்லை, வேறு கூடை. நான் அவரையும் பையனையும் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வகுப்பு வாசலில் நின்றுகொண்டேன்.

டீச்சர் சின்ன வயதுப் பெண். அப்பா கூடையிலிருந்து லாரியை எடுத்து மேசைமேல் வைத்தார். இது நான் அடித்த பெயிண்ட் என்றார். பேரன் பொய் சொல்லவில்லை, அவன் கண்ணுக்கு அப்படித்தான், எனக்கும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்று, திக்கித் திக்கி, ஆனால் வகுப்பு முழுக்கக் கேட்கிற சத்தத்தில் சொன்னார். மலைக்கு ஆள் ஏற்றுகிற சத்தம் அது. டீச்சர் லாரியைப் பார்த்தார். அப்புறம் அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எஸ்டேட் ஜீப்பு ஓட்டுனவங்கதானே? எங்கம்மா ஒங்க வண்டியிலதேன் காய் எடுக்கப் போவாங்க."

இத்தனை வருசமும், அந்த ஜீப்பில் போனவர்கள் காதுக்கு இது எட்டிவிடக் கூடாது என்றுதான் லாரி பரணில் கிடந்தது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா தாயி. ஒரு நாளாச்சும் ஒங்கம்மாவ வீடு கொண்டாந்து எறக்காம இருந்திருக்கேனா? கேட்டுப் பாரு."

கேட்க வேண்டியதில்லை, சாயங்காலம் ஜீப் ஹாரன் கேட்டுத்தான் வீட்டில் உலை வைப்பார்கள் என்றார் டீச்சர். பிறகு பையனை உட்காரச் சொன்னார்.

லாரியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. திரும்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வெரசா போ, வெயில் ஏறுகிறது என்றார் அப்பா.